பாதிப் பணத்துக்கு யாரைக் கேட்பது? தீவுகளின் இன்குபேட்டர்களும் மார்ச் 31-ம்

மார்ச் 31 நெருங்கினால் பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பிரிவுகளில் தூக்கம் குறைந்துவிடும். நிதியாண்டுக்குள் செலவழிக்காத சமூகப் பொறுப்பு நிதிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். இந்த ஆண்டு அந்தப் பரபரப்பு நமக்கு வரும் கடிதங்களிலும் தெரிகிறது. அந்தமானில் வாழும் தமிழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆன ஊர்தான்), ரங்கத், டிக்லிப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களைச் சுருக்கினால் இரண்டு கேள்விகள் மிஞ்சும். ‘ஸ்டார்ட்அப்களுக்கு சிஎஸ்ஆர் பணம் தருகிறார்களாமே, எங்கே விண்ணப்பிப்பது?’ என்பது ஒன்று. ‘எங்கள் தீவில் இன்குபேட்டர் தொடங்கினால் மத்திய அரசு இரண்டரைக் கோடி தருமாமே?’ என்பது இன்னொன்று.

இரண்டுமே பாதி உண்மைதான். சிக்கல் மறுபாதியில் இருக்கிறது.

ஸ்டார்ட்அப் என்றால் என்ன, அதை எங்கே பதிவு செய்வது என்பதெல்லாம் எழுதி எழுதித் தேய்ந்த சங்கதி. நேரே இன்குபேட்டருக்கு வருகிறேன். ‘புத்தாக்கச் சூழலை வளர்த்தெடுக்கும் அமைப்பு’ என்கின்றன அரசுக் குறிப்புகள். நடைமுறையில் அது ஓர் இடம், சில கருவிகள், கணக்கும் சட்டமும் சொல்லித்தர ஆட்கள், முதலீட்டாளர்களிடம் அழைத்துப் போகும் கை. இந்த நான்கில் முதல் இரண்டை மட்டும் வைத்து ரிப்பன் வெட்டிவிடலாம் என்பதால்தான் ‘இத்தனை மையங்கள் திறந்தோம்’ என்ற கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் மாதாமாதம் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் ஒரு மையம் நிற்குமா, விழுமா என்பது தெரியும்.

ஒன்றுக்கு ஒன்று என்ற விதி

நிதி ஆயோக்கின் கீழ் இயங்கும் அடல் இன்னோவேஷன் மிஷன் இரண்டு வகை மையங்களுக்கு நிதி தருகிறது. பெரியது அடல் இன்குபேஷன் சென்டர். ஐந்தாண்டுகளில் 10 கோடி ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் நடத்துகிற நிறுவனம் 10,000 சதுர அடிக் கட்டடத்தை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். சிறியது அடல் சமூகப் புத்தாக்க மையம், சுருக்கமாக ஏசிஐசி. வசதி எட்டாத பகுதிகளுக்கென்றே வகுத்த திட்டம் இது. உச்சவரம்பு இரண்டரைக் கோடி. வாசகர்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

இந்த இரண்டரைக் கோடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மையத்தை நடத்துபவரோ அவரது கூட்டாளிகளோ அதே அளவுக்கு, அல்லது அதற்கு மேல், பணம் போட வேண்டும். உன் ஒரு ரூபாய்க்கு என் ஒரு ரூபாய் என்ற கணக்கு.

இது தில்லியில் யோசித்தால் புத்திசாலித்தனமான விதிதான். இலவசப் பணத்துக்காக முளைக்கும் பெயர்ப்பலகை மையங்களை இது வடிகட்டும். சொந்தப் பணம் போட்டவனுக்கு அக்கறை இருக்கும். அரசின் ஒரு ரூபாய் களத்தில் இரண்டாகிவிடும். கோவையிலோ புனேயிலோ இந்த விதி வேலை செய்யும், ஏனென்றால் அங்கே கேட்டுப் போக ஆலைகள் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, முன்னாள் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன.

2011 கணக்கெடுப்பில் அந்தமான்–நிக்கோபாரின் மக்கள் தொகை 3,80,581. அதுவும் பல தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. நிலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. பெரிய ஆலை எதுவும் இல்லை. உபயதாரரே இல்லாத ஊரில் திருவிழா வரவில் பாதி உபயம் என்று எழுதிவைத்தது போலிருக்கிறது இந்த விதி.

யூனியன் பிரதேச நிர்வாகமே மறுபாதியைப் போடட்டும் என்பார்கள். அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது, அதன் செலவுக்கான பணம் மத்திய பட்ஜெட்டிலிருந்தே போகிறது. அப்படியானால் இரண்டு ரூபாயும் தில்லியின் ரூபாய்தான். ஒரு பையிலிருந்து எடுத்து மறுபையில் போடுவதற்கு இணைநிதி என்று பெயர் வைப்பானேன்?

போர்ட் பிளேரில் அடல் திட்டத்தின் கீழ் உள்ள மையத்தை நடத்துவது யார் என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். அது அனிட்கோ, 1988-ல் தொடங்கிய அரசு வளர்ச்சிக் கழகம். தீவுகளில் மது, பால், பெட்ரோலியப் பொருள் விநியோகம் வரை கையில் வைத்திருக்கும் நிறுவனம். தனியார் இல்லாத இடத்தில் அரசின் கழகமே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. வேறு ஆள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்கிறேன்.

பூட்டும் சாவியும் ஒரே பெட்டிக்குள்

சரி, மறுபாதிக்கு சிஎஸ்ஆர் பணத்தைக் கேட்கலாமே? மார்ச் 31 கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியல் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. அதன் ஒன்பதாம் இனத்தில் இன்குபேட்டர் உண்டு. வாசகர்கள் கேள்விப்பட்டதன் மூலம் இதுதான்.

ஆனால் அந்த வரியைக் கடைசி வரை படிக்க வேண்டும். மத்திய அரசோ மாநில அரசோ பொதுத்துறை நிறுவனமோ அவற்றின் முகமையோ ஏற்கெனவே நிதி தரும் இன்குபேட்டருக்குத்தான் சிஎஸ்ஆர் பணம் போகலாம். அதுவும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவத் துறையில்.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மறுபாதியைக் காட்டினால்தான் அரசு பணம் தரும். அரசு பணம் தந்திருந்தால்தான் கம்பெனி மறுபாதியைத் தர முடியும். புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறார். பெருநகரங்களில் கல்லூரி அறக்கட்டளை ஒன்று முதல் பணத்தைப் போட்டு இந்தச் சுழலை உடைத்துவிடும். தீவில் உடைக்க ஆள் இல்லை.

போதாக்குறைக்கு, கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது வழிகாட்டுதல்தான், கட்டாயம் அல்ல என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-ல் விளக்கம் கொடுத்தது. கட்டாயமில்லை என்றாலும் பணம் ஆலை இருக்கும் ஊரைச் சுற்றியே நிற்கிறது. தணிக்கைக்குப் போய்வர வசதியான இடம் அது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி, கப்பலில் மூன்று நாள் போய், ஒரு பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க எந்த சிஎஸ்ஆர் மேலாளரும் துடிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பக்கவாசல் ஒன்று இருக்கிறது. அதே அட்டவணையின் இரண்டாம் இனத்தில் தொழில்திறன் பயிற்சியும் வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டங்களும் வருகின்றன. அதற்கு ‘அரசு நிதி பெற்றிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இல்லை. தேங்காய், மீன், கயிறு சார்ந்த சிறுதொழில் பயிற்சியை இன்குபேட்டர் என்ற பெயரில் எழுதாமல், அதன் உண்மைப் பெயரில் எழுதிக் கேட்பவர்களுக்கு இந்த வழி திறக்கும். அறிவியல் பூச்சு பூசிய அறிக்கையைவிட அது நேர்மையானதும்கூட.

ஒரு போத்தலின் பயணம்

தீவுத் தொழிலுக்கு ஏன் தனி விதி என்று கேட்பவர்கள் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளட்டும். தேங்காய் தீவில் விளைகிறது. காலிக் கண்ணாடிப் போத்தல், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் போக வேண்டும். எண்ணெய் நிரப்பிய போத்தல் விற்பனைக்கு அதே கடலைத் தாண்டித் திரும்ப வேண்டும். ஒரே கண்ணாடிக்கு இரண்டு முறை சரக்குக் கட்டணம். கடல் சீற்றத்தில் கப்பல் தள்ளிப்போனால் கடைக்காரரின் ஆர்டர் கைவிட்டுப் போகும். இதற்குத் தீர்வு சொல்லும் இன்குபேட்டருக்குத் தேவை 10,000 சதுர அடி மண்டபம் அல்ல. பொதுவான பேக்கிங் கூடமும், மூலப்பொருளைச் சேர்த்து வாங்கும் ஏற்பாடும், சென்னையில் ஒரு கிடங்கும். மத்திய அரசின் 2019 அறிவிக்கை ஸ்டார்ட்அப்பின் இலக்கணங்களில் ஒன்றாகச் சொன்ன ‘அளவில் பெருகக்கூடிய வணிக மாதிரி’யை வைத்து இந்தத் தொழிலை அளந்தால் மதிப்பெண் குறையும். தீவுக்கு வேண்டியது பெருகுவதல்ல, தாங்கி நிற்பது.

முழுப் பணத்தையும் அரசே போட்டு வேலையை முடித்த உதாரணமும் இதே தீவுகளில் உண்டு. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவு. உள்ளூரில் பாதிப் பணம் திரட்டி வா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதங்கள் மின்னஞ்சலில் வந்திருக்காது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை அடல் மிஷனை 2,750 கோடி ரூபாயில் 2028 மார்ச் வரை நீட்டித்தது. அதில் எல்லைப்புறப் பகுதிகளுக்கு என்று ஒரு தனித் திட்டம். ஜம்மு காஷ்மீர், லடாக், வடகிழக்கு மாநிலங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன, முன்னேற விழையும் மாவட்டங்களும் வட்டாரங்களும் சேர்க்கப்பட்டன. தீவுகள் என்ற சொல்லை அந்த அறிவிப்பில் நான் காணவில்லை.

மற்ற கேள்விகள்

*கம்பெனி என் ஸ்டார்ட்அப்புக்கு நேரடியாக சிஎஸ்ஆர் பணம் தரலாமா?*
தர முடியாது. லாப நோக்கமற்ற, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவான அமைப்பு வழியாகத்தான் வரும்.

*மார்ச் 31-க்குள் பணம் செலவாகாவிட்டால்?*
நடப்புத் திட்டமென்றால் 30 நாளுக்குள் தனிக் கணக்குக்குப் போகும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அரசு குறித்த நிதிகளில் ஒன்றுக்குப் போகும்.

*தனிநபர் பெயரில் இருக்கும் கடை ஸ்டார்ட்அப் ஆகுமா?*
ஆகாது. பதிவான பார்ட்னர்ஷிப், எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் போன்ற வடிவம் வேண்டும்.

*சென்னை இன்குபேட்டரில் சேர அங்கே போய் உட்கார வேண்டுமா?*
2021-ல் தொடங்கிய 945 கோடி சீட் ஃபண்ட் திட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அது நான்காண்டுத் திட்டம் என்பதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

*வரிவிலக்கு தானாகக் கிடைக்குமா?*
கிடைக்காது. அங்கீகாரம் வேறு, வரிவிலக்குச் சான்று வேறு.

*நிக்கோபாரில் வெளியார் தொழில் தொடங்கலாமா?*
1956 பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமலில் இருக்கிறது. நினைத்த மாத்திரத்தில் முடியாது, முடியவும் கூடாது.

*பாம்பன் தீவு அடல் மிஷனின் எல்லைப்புறத் திட்டக் கணக்கில் வருமா?*
வரும், ஆனால் தீவு என்பதற்காக அல்ல. ராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. அந்தமான்–நிக்கோபாரின் மூன்று மாவட்டங்களும் அதில் இல்லை.

ஸ்காட்லாந்தில் 2018 முதல் ஒரு தீவுச் சட்டம் இருக்கிறது. புதிய கொள்கை தீவு மக்களை வேறு விதமாகப் பாதிக்குமா என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறது அது. நமக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். தீவுகளுக்கு மட்டும் இணைநிதி நிபந்தனையைத் தளர்த்தி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அதுவரை இந்த மார்ச் மாதத்தில் எவராவது வந்து ‘சிஎஸ்ஆர் பணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்றால், ஒரு பைசா கொடுக்காதீர்கள். சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.