உருக மறுக்கும் மெழுகு

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. கண்ணாடியை ஒட்டிய எண்ணெய் முதலில் இளகும். நடுவிலுள்ள வெள்ளைக் கட்டியோ அசைந்து கொடுக்காது. இதே சங்கடம் ஸ்ரீபெரும்பூதூர்-ஒரகடம் வட்டாரத்தில் உற்பத்தியாகும் சாமான்களுக்கும் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

உடையவர் அவதரித்த அந்தப் புண்ணிய பூமி இன்று யந்திர பூமி. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் தயாராகின்றன. மின்சாரக் கார்களும் அங்கே உருவாகின்றன. சுங்குவார்சத்திரத்தில் கைபேசிகள். பாட்டரியானாலும் கைபேசியானாலும் கடுமையாக உழைத்தால் சூடேறும். சூடேறினால் ஆயுள் குறையும். அந்த உஷ்ணத்தைச் சிறிது நேரம் விழுங்கி வைத்துக்கொள்ள ஒரு பதார்த்தம் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அப்படிப்பட்ட பதார்த்தம் மெழுகுதான். எந்தப் பொருளும் உருகும்போது சூடேறாமலே உஷ்ணத்தை உள்வாங்குகிறது. ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் 1760-களில் ஆராய்ந்து சொன்ன உண்மை இது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் உஷ்ணம், உருகிய நீரைச் சுமார் 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. பாரபின் மெழுகு இவ்வளவு விழுங்காவிட்டாலும், வேண்டிய சூட்டில் உருகும் ரகமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை.

ஆனால் மெழுகு மகா மந்தம். உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். சூடான சுவரை ஒட்டிய மெழுகு உருகிவிடும். உருகிய அந்தப் படலமே கம்பளிபோல் நின்று, பின்னாலிருக்கும் கட்டிக்கு உஷ்ணம் போகவொட்டாமல் தடுக்கும். படலம் தடித்த பிறகு சூடான திரவம் மேலெழுந்து சுழல ஆரம்பிக்கும். அப்போது மேல்பாகம் சீக்கிரம் கரையும், அடிப்பாகம் பின்தங்கும்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் நம்மவர்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேல்ராஜும் சீனிராஜும் ஜெர்மானிய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 1999-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மெழுகுக்குள் உலோகத் தகடுகளை நிறுத்துவது, மெல்லிய உலோக வளையங்களைக் கலந்து நிரப்புவது, குமிழிகளை விட்டுக் கலக்குவது என்று மூன்று வழிகளை அவர்கள் சோதித்தார்கள். பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் ராஜேஷ் பேபியும் பாலாஜியும், சுமார் 36 டிகிரியில் உருகும் ஐகோசேன் என்னும் மெழுகை அலுமினியப் பெட்டியில் நிரப்பி, மின்னணுச் சாதனங்களைக் குளிர்விக்கும் சோதனைகளை நடத்தி 2012-ஐ ஒட்டி வெளியிட்டார்கள்.

தகடு என்றால் ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்பீல்டு எஞ்சினைச் சுற்றி வரிவரியாய் நிற்கிறதே, அந்த ஜாதிதான். இங்கே அது மெழுகுக்குள் நிற்கும்; அவ்வளவே வித்தியாசம். எத்தனை தகடு என்பதில்தான் சாமர்த்தியம். பாத்திரம் முழுவதும் கரண்டிகளை நிறுத்திவிட்டால் குழம்புக்கு இடம் ஏது? தகடு கூடக்கூட மெழுகு குறையும். திரவத்தின் சுழற்சியும் தடைப்படும். நுண்ணிய உலோகத் தூளைத் தூவுவது இப்போது ஒரு மோகமாயிருக்கிறது. தூள் மிகுந்தால் திரவம் குழம்பி ஓட்டம் மந்தமாகிவிடும். எனக்கு என்னவோ தகட்டின்மேல்தான் நம்பிக்கை.

இந்தக் கணக்கை அயல்நாட்டுக்காரர் நமக்காகப் போட்டுத் தர முடியாது. ஐரோப்பாவில் கட்டடங்களுக்குப் பயன்படும் மெழுகுகள் பெரும்பாலும் 21 முதல் 26 டிகிரிக்குள் உருகுபவை. ஸ்ரீபெரும்பூதூரின் சித்திரை இரவில் அவை உறையவே மாட்டா. உறையாத மெழுகு மறுநாள் எதை விழுங்கும்? நமக்கு 36 டிகிரியோ அதற்கும் மேலோ உருகும் மெழுகு வேண்டும். பாட்டரியோ 45 டிகிரியைத் தாண்டினால் நலிகிறது. ஆக, உஷ்ணத்தைத் தள்ளுவதற்கு நமக்குக் கிடைக்கும் இடைவெளி பத்து டிகிரிகூட இல்லை. அந்தக் குறுகிய சந்துக்குள் மெழுகை விரைவாக உருக்கவேண்டுமானால், குளிர்தேசத்தாருக்கு வேண்டியதைவிட நல்ல தகடுகள் நமக்கு வேண்டும். அவற்றை ஆராய்ந்தவர்களின் பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது. ஒரகடம் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.