சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டாதீங்க, சிஸ்டர்

எங்கள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வருக்கு வெளி இணையத்தோடு தொடர்பே கிடையாது. வார்டில் இருக்கும் நர்ஸ்கள் பிரவுசரில் அதைத் திறந்து பார்க்கிறார்கள். அதன் பெயர்கூட உள்நெட்வொர்க்கில் நாங்களாக வைத்ததுதான். அப்படிப்பட்ட பெயருக்கு, பிரவுசர்கள் ஏற்கும் வெளி நிறுவனம் எதுவும் பாதுகாப்புச் சான்றிதழ் தராது. அதனால் நானே உருவாக்கி, சர்வரின் சாவியாலேயே கையெழுத்திட்டு வைக்கிறேன்.

"நாமே போட்டுக்கிட்ட கையெழுத்து எப்படி சார் செல்லும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சான்றிதழுக்கு இரண்டு வேலை. வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்ட உதவுவது ஒன்று. எதிரில் இருப்பது அந்த சர்வர்தான் என்று சொல்வது இன்னொன்று. பூட்டு விஷயத்தில் வெளியில் வாங்கியதற்கும் நாமே செய்ததற்கும் இம்மியும் வித்தியாசமில்லை. அடையாளத்தில்தான் சிக்கல். மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்தைத் தேடியதுபோல, பிரவுசர் தான் அறிந்த மூன்றாமவரின் கையெழுத்தைத் தேடுகிறது. இல்லையென்றால் சிவப்பு எச்சரிக்கை.

உருவாக்குவது எளிது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளை. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஜோடி உருவாகும். பொதுச்சாவியும் சர்வர் பெயரும் சான்றிதழில் ஏறும். தனிச்சாவி அதில் கையெழுத்திடும். பெயரை 'மாற்றுப் பெயர்' என்ற பகுதியில் கட்டாயம் எழுத வேண்டும். 2017 முதல் குரோம் அங்கேதான் பார்க்கிறது.

பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, "எச்சரிக்கை வரும், அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போயிடுங்க" என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது பொறுக்காது. 2011இல் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்து சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரிலேயே சான்றிதழ் போட்டுக்கொண்டார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் உளவு பார்க்கப்பட்டார்கள். வெளிப்பட்டது எப்படி? ஈரானில் ஒருவர், குரோம் காட்டிய எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல், இது என்ன என்று கேட்டார். அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது. 2014இல் நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்தும் கூகுள் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன.

பெரிய நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்களும் தமக்குத்தாமே கையெழுத்திட்டவைதான். மொசில்லா, மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் ஆராய்ந்து தங்கள் பட்டியலில் சேர்த்ததால் பிரவுசர் அவற்றை ஏற்கிறது. எங்கள் வார்டு கம்ப்யூட்டர்களில் அந்த ஆராய்ச்சியை நான் செய்கிறேன். சான்றிதழைப் பென் டிரைவில் கொண்டுபோய், அதன் 64 எழுத்து விரல்ரேகையை சர்வரில் குறித்துவைத்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கிறேன். பிறகு எச்சரிக்கை வராது.

தனிச்சாவி மட்டும் சர்வரை விட்டு நகரக் கூடாது. மெயிலில் அனுப்பவே கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் வழக்கமாகத் தரும் சுயசான்றிதழுக்குப் பிற சான்றிதழ்களில் கையெழுத்திடும் உரிமையும் உண்டு. சாவி திருடுபோனால், எங்கள் கம்ப்யூட்டர்களிடம் திருடன் தன்னை எந்த வங்கியாகவும் காட்டிக்கொள்ளலாம். அந்த உரிமையை நீக்கியே நான் உருவாக்குகிறேன். காலாவதித் தேதியை லேப் நாட்காட்டியிலும் எழுதிவைக்கிறேன். நர்ஸ்களிடம் சொல்வது ஒன்றுதான்: "சிவப்பா ஏதாவது வந்தா தாண்டாதீங்க சிஸ்டர், ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்க."