மீகாமன் இல்லாக் கலமும் செய்நிரலாளன் கடனும்

கலம் என்றவுடன் மீகாமனை நினைத்தல் நம் மரபு. காற்றின் போக்கும் நீரின் போக்கும் அறிந்து, கணந்தோறும் சுக்கானைத் திருப்பும் அவனே கலத்தின் அறிவாவான். ஆயின், மீகாமனும் இன்றி, கரையிலிருந்து கட்டளையிடுவாரும் இன்றி, கடலின் ஆழத்தே தாமாகவே சென்று ஆராய்ந்து மீளும் கலங்கள் இன்று உள. இவற்றைத் தன்னாட்சி நீரடிக்கலங்கள் என்பர். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இவ்வகைக் கலங்களுக்கு முன்னோடியாயிற்று. இவற்றுள் மீகாமனின் இடத்தில் இருப்பது கணினியிற் பொதிந்த செய்நிரலே. அதனை ஆக்கும் மென்பொருட் பொறியியலாளரின் தொழில் யாது, அதன் பொறுப்பு எத்தகையது என்பவற்றை, அந்தாட்டிக்காவின் பனித்தட்டுக்களின் கீழே சென்ற கலங்களைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

வானிற் பறக்கும் விமானத்தைத் தரையிலிருந்து வானொலி அலைகளால் இயக்கலாம். சந்திரனுக்குச் சென்ற கலத்தோடும் உரையாடலாம். நீருள் மூழ்கிய கலத்துக்கோ இவ்வசதி இல்லை. உப்புநீர் மின்னைக் கடத்துவது. ஆதலின் வானொலி அலைகளை அது குறுகிய தூரத்திலேயே உறிஞ்சிவிடும். செய்மதிகள் அனுப்பும் வழிகாட்டற் சைகைகளும் நீரின் மேற்பரப்போடு நின்றுவிடும். எஞ்சியிருப்பது ஒலி ஒன்றே. கடல்நீரில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். எனினும் சில கிலோமீற்றருக்கு அப்பால் அதுவும் தெளிவிழக்கும். அதன்வழி அனுப்பக்கூடிய செய்தியும் மிகச் சிறிது. 60 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கலத்தின் ஒலி நம்மை வந்தடையும் என்றே கொண்டாலும், அது வர 40 செக்கனும், நமது விடை சென்றுசேர மேலும் 40 செக்கனும் கழியும். அதற்குள் கலம் நூறு மீற்றருக்கு மேற் சென்றிருக்கும். ஆகவே, கலம் சந்திக்கக்கூடிய இடர் ஒவ்வொன்றையும் அது புறப்படுமுன்னரே எண்ணி, அதற்கு விடையையும் எழுதிவைத்தல் வேண்டும். இதுவே இத்தொழிலின் முதற் கடன்.

இனி, கலம் தான் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிகின்றது என்பதை நோக்குவாம். கைரோ என்னும் கருவி அது திரும்புந் திசையை உணர்த்தும். கலத்தின் அடியிலிருந்து கடற்றரையை நோக்கி ஒலி செலுத்தப்படும். எதிரொலியின் அதிர்வெண் மாறுபாட்டினின்று வேகம் கணிக்கப்படும். பௌதிக மாணவர் அறிந்த டொப்ளர் விளைவே இது. திசையும் வேகமும் காலமும் தெரியின் இடம் தெரியும். ஆயினும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் பிழையெனினும், 60 கிலோமீற்றர் சென்றபின் கலம் தான் கருதிய இடத்தினின்றும் 60 மீற்றர் விலகியிருக்கும். கடற்றரை ஒலிக்கு எட்டாத ஆழத்திலிருப்பின் பிழை இன்னும் விரைவாக வளரும். கருவிகள் தம்முள் முரண்பட்ட செய்தி தருவதும் உண்டு. அவற்றுள் எதனை எவ்வளவு நம்புவது என்பதை நிறுத்துக் கணிக்கும் முறையை ருடொல்வ் கால்மன் என்னும் அறிஞர் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எதிர்பார்த்த நிலையையும் அளந்தறிந்த நிலையையும் அவ்வவற்றின் நம்பகத்துக்கேற்பக் கலந்து, மூன்றாவதொரு சிறந்த மதிப்பீட்டைப் பெறுவது அம்முறை. நீரடிக்கலங்களின் செய்நிரல்களில் அது இன்றும் அடிப்படையாக உள்ளது.

செய்நிரலின் அமைப்பு ஒரே கோவையாக இராது, அடுக்கடுக்காக இருக்கும். கீழடுக்கு சுக்கானையும் உந்துவிசிறியையும் நொடிதோறும் இயக்கி, சொன்ன ஆழத்திலும் திசையிலும் கலத்தை நிறுத்தும். நடுவடுக்கு, "இவ்விடத்துக்குச் செல், தரைக்கு மேல் 100 மீற்றர் உயரத்தில் நில், முன்னே தடையிருப்பின் பின்வாங்கு" என்றாற் போன்ற பணிகளை ஒழுங்குபடுத்தும். மேலடுக்கு, கலத்தின் உடல்நலத்தைக் காவல் செய்யும். மின்கலம் தளர்கின்றதா, உள்ளே நீர் கசிகின்றதா, கருவி ஏதேனும் மௌனமாயிற்றா என அது ஓயாது வினவிக்கொண்டிருக்கும். மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 2001 ஆம் ஆண்டில் போல் நியூமன் என்பார் ஆக்கத் தொடங்கிய மூஸ் என்னும் மென்பொருளைத் தழுவிய கலங்களிலே, வண்டியைச் செலுத்துவோன் ஒருவன், போகும் வழியைச் சொல்வோன் மற்றொருவன் என்பதுபோல, இயக்குங் கணினியும் தீர்மானிக்குங் கணினியும் வேறுவேறாக வைக்கப்படும். வழி சொல்வோன் தவறினும் வண்டி தடம்புரளாதிருத்தல் இதன் பயன்.

காவலடுக்கின் விதிகளே மிக்க சிந்தனைக்குரியன. திறந்த கடலிற் செல்லுங் கலத்துக்குப் பொதுவிதி ஒன்று உண்டு: ஐயம் எழுந்தால் மேலே வா. எடைக்கட்டியை அவிழ்த்துவிட்டால் கலம் தானே மிதந்தெழும். கப்பல் அதனை எடுத்துக்கொள்ளும். 2014 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், காணாமற்போன மலேசிய விமானத்தைத் தேடி இந்து சமுத்திரத்தில் இறக்கப்பட்ட புளூபின்-21 என்னுங் கலம், தனது முதற் பயணத்திலேயே 4500 மீற்றர் என்ற எல்லையை மிஞ்சிய ஆழத்தைச் சந்தித்தது. உடனே பணியை இடைநிறுத்தி மேலெழுந்தது. தேடல் தடைப்பட்டது உண்மை. கலம் பிழைத்ததும் உண்மை. விதி தன் கடனைச் செய்தது.

அதே விதியைப் பனித்தட்டின் கீழ்ச் செல்லுங் கலத்துக்கு எழுதினால் யாது நிகழும்? எடையை அவிழ்த்து மேலெழுங் கலம், நூற்றுக்கணக்கான மீற்றர் தடித்த பனிக்கட்டியின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனை அங்கிருந்து மீட்பார் இல்லை. திறந்த கடலிற் காக்குங் கட்டளையே ஈண்டு அழிக்குங் கட்டளையாகின்றது. இங்கே கலம் காயப்பட்டாலும் தளர்ந்தாலும், வந்த வழியே திரும்பித் திறந்த நீரை அடைதல் ஒன்றே உய்யும் நெறி. எப்பழுதுக்குப் பணியைத் தொடர்வது, எப்பழுதுக்குத் திரும்புவது என்பதைப் பொறியியலாளர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகுத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் நகரத்துச் சமுத்திரவியல் நிலையத்தார் இழப்பின் வாயிலாக அறிந்தனர். அவர்களது ஓட்டோசப் 2 என்னுங் கலம் 2005 மாசி மாதத்தில் அந்தாட்டிக்காவின் பிம்புல் பனித்தட்டின் கீழ்ச் சென்று மீளவில்லை. காரணம் யாதென உறுதியாகக் காணவும் இயலவில்லை. மின்னிழப்போ, கலம் தானே பணியை முறித்துக்கொண்டதோ என ஊகிக்கவே முடிந்தது. சான்றுகளெல்லாம் கலத்தோடு பனியின் கீழ் நின்றுவிட்டன அன்றோ!

ஆயினும் அவர்கள் சோர்ந்திலர். அடுத்ததாகிய ஓட்டோசப் 3 முந்திய பயணங்களிற் கண்ட பழுதுகள் அனைத்தையும் தொகுத்தனர். அவற்றை வல்லுநர் பலரிடம் கொடுத்து, "இதே பழுது திறந்த கடலில் நேர்ந்தால் கலம் அழியுமா? கரையோரத்தில் நேர்ந்தால்? கடற்பனியின் கீழ் நேர்ந்தால்? பனித்தட்டின் கீழ் நேர்ந்தால்?" எனத் தனித்தனியே மதிப்பிடச் செய்தனர். ஒரே பழுதுக்கு நான்கிடத்தும் விடை வேறுபட்டது. பனியின் கீழ்ப் புகுமுன், திறந்த நீரிற் குறித்த தூரம் ஓடவிட்டுப் பார்த்தால் தொடக்கத்திலே தோன்றும் பழுதுகள் வெளிப்பட்டுவிடும் என்பதும் தெளிவாயிற்று. நாம் ரோச் விளக்கில் இடும் பெரிய மின்கலங்களை ஒத்தவை ஏறத்தாழ 5000 கொண்டு இயங்கிய, ஏழு மீற்றர் நீளமான அக்கலம், 2009 தை மாதத்தில் பைன் ஐலன்ட் பனிக்கட்டியாற்றின் மிதக்கும் பகுதியின் கீழ் ஆறு பயணங்கள் செய்து, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உலாவி மீண்டது. கடற்றரையிலே முன் அறியப்படாத மேடொன்றை அது கண்டது. ஒருகாலத்தில் அம்மேட்டின்மீது ஊன்றி நின்ற பனிக்கட்டியாறு பின்னர் அதனின்றும் பிரிந்து, வெப்பமான ஆழ்நீர் உட்புக வழிவிட்டமை அதனால் விளங்கிற்று.

இத்தகைய வெற்றிக்குப் பின்னாலுள்ள உழைப்பிற் பெரும்பகுதி கடலில் நிகழ்வதன்று. செய்நிரலை எழுதுதல் சிறுபகுதி, சோதித்தல் பெரும்பகுதி. கணினிக்குள்ளே ஒரு பொய்க்கடலை அமைத்து, அதிற் பொய்க்கலத்தைச் செலுத்தி, வேண்டுமென்றே கருவிகளைப் பழுதாக்கிப் பார்ப்பர். பின்னர் மெய்யான கருவிகளை மேசைமீது இணைத்துச் சோதிப்பர். அதன்பின் குளத்திலும் கரையோரக் கடலிலும் இறக்குவர். கப்பலிலும் பொறியியலாளர் உடன்செல்வர். கலம் மீண்டதும் அது எழுதிவைத்த பதிவுகளை இரவிரவாக வாசித்து, எதிர்பாராதது ஏதேனும் நிகழ்ந்ததா என ஆராய்ந்த பின்னரே அடுத்த பயணத்துக்கு விடை கொடுப்பர். பயணம் வெற்றியாயினும் பதிவை வாசியாது விடுதல் இத்தொழிலிற் குற்றமாகும்.

இத்துணை இடர்ப்பட்டு அங்குச் செல்வது எதற்கு எனிற் கூறுவாம். நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயராது. இது ஆக்கிமிடிசின் விதியால் அறியப்படும். ஆனால், மிதக்கும் பனித்தட்டு நிலத்திலுள்ள பனிக்கட்டியாற்றுக்கு அணைபோல் நிற்பது. அணை அடியிலிருந்து கரைந்தால், நிலத்துப் பனி விரைந்து கடலுட் சரியும். அப்பொழுது உலகெங்கும் கடல்மட்டம் உயரும். தாழ்ந்த கரைகளையுடைய நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இது வேற்றுச் செய்தியன்று. பனித்தட்டின் அடிப்புறத்தைச் செய்மதி காணமாட்டாது, மனிதனும் செல்லமாட்டான். ஆளில்லாக் கலமே செல்லவல்லது.

சுவீடன் நாட்டுக் கொதன்பேர்க் பல்கலைக்கழகத்தின் ரான் என்னுங் கலம் 2022 ஆம் ஆண்டில் டொற்சன் பனித்தட்டின் கீழ் 27 நாட்களில் 1000 கிலோமீற்றருக்கு மேற் சென்று, அதன் அடிப்புறத்தைப் படமாக்கியது. 17 கிலோமீற்றர் வரை உட்புகுந்தும் மீண்டது. 2024 தை மாதத்தில் மீண்டும் அங்கே சென்றபொழுது திரும்பி வரவில்லை. முன்னைப் பயணத்தில் அது கொணர்ந்த படமோ அவ்வாண்டிலேயே அறிஞர் கைக்கு எட்டி, நூலறிவாயிற்று.

ஆகவே, இத்தொழிலின் சிறப்பு கணினிமொழி வல்லமையில் மட்டும் அடங்குவதன்று. தான் உடனில்லாத இடத்தில், தான் காணாத இடரை, தன் சொல் ஒன்றே எதிர்கொள்ளும் என்பதை உணர்ந்து எழுதுதலே அதன் சிறப்பு. ஓரிடத்துக்குப் பொருந்திய விதி எவ்விடத்துக்கும் பொருந்தும் எனக் கொள்ளாமையும் அதனோடு சேர்ந்தது. கணிதத்திலும் பௌதிகத்திலும் விதியை மனனஞ் செய்யும் நம் மாணவர், அவ்விதி எந்நிலையிற் செல்லும், எந்நிலையிற் செல்லாது என்பதையும் உடன் வினவிப் பழகுவாராயின், இத்துறைக்கு வேண்டிய பயிற்சியின் பாதியை வகுப்பறையிலேயே பெற்றவராவர்.