நீர்ச் சிற்றலை விளைவு (கணினி வரைகலை)

நீர்ச் சிற்றலை விளைவு என்பது, நீர்ப்பரப்பில் கல்லோ துளியோ விழும்போது வட்டமாகப் பரவும் அலைகளைக் கணினி அல்லது நகர்பேசித் திரையில் உருவாக்கிக் காட்டும் வரைகலை நுட்பம் ஆகும். விளையாட்டுகளிலும் திரைப் பின்னணிகளிலும் இது பயன்படுகின்றது. 2010 சனவரியில் வெளியான ஆண்ட்ராய்டு 2.1 பதிப்பின் அசையும் பின்னணிகளுள் ஒன்று, தொட்ட இடத்தில் அலை எழும் நீர்நிலையைக் காட்டியது.

செயற்படும் முறை

திரை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்தின் உயரம் ஓர் எண்ணாகச் சேமிக்கப்படும். அமைதியான நீரின் உயரம் 0 ஆகும். இதற்கு இரண்டு அணிகள் தேவை. ஒன்று தற்போதைய உயரங்களையும், மற்றையது அதற்கு முந்தைய உயரங்களையும் கொண்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் எல்லாக் கட்டங்களுக்கும் பின்வரும் விதி பயன்படுத்தப்படும்:

புதிய உயரம் = (மேல் + கீழ் + இடம் + வலம்) ÷ 2 − முந்தைய உயரம்

கிடைக்கும் மதிப்பிலிருந்து அதன் 32இல் ஒரு பங்கு கழிக்கப்படும். இதுவே அலையைப் படிப்படியாகத் தணிக்கின்றது. புதிய உயரங்கள் முந்தைய உயரங்களின் மேல் எழுதப்பட்டு, இரு அணிகளும் தம்முள் இடம் மாறும்.

எடுத்துக்காட்டாக, அமைதியான நீரில் ஒரு கட்டத்தின் உயரம் 64 ஆக்கப்பட்டால், அடுத்த படியில் அக்கட்டம் 0 ஆகும்; அதை ஒட்டிய நான்கு கட்டங்களும் 32 − 1 = 31 ஆகும். அதற்கடுத்த படியில் நடுக்கட்டத்தின் மதிப்பு, தணிப்புக்கு முன், (4 × 31) ÷ 2 − 64 = −2 ஆகும். அதாவது அவ்விடத்தில் நீர் மட்டத்துக்குக் கீழே தாழ்கின்றது.

இவ்விதி அலைச் சமன்பாட்டின் எளிய வடிவம் ஆகும். இதில் அலை ஒரு படியில் கட்ட அகலத்தின் ஏறத்தாழ 0.71 பங்கு தொலைவு செல்கின்றது. இவ்வேகத்தை மேலும் கூட்டினால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் படம் சிதைந்துவிடும்.

அயல் கட்டங்களின் உயர வேறுபாடு நீர்ப்பரப்பின் சரிவைத் தரும். அச்சரிவுக்கேற்பப் பின்னணிப் படத்தில் சற்றுத் தள்ளியுள்ள படவணுவை எடுத்து வரைந்தால், ஒளிமுறிவு போன்ற தோற்றம் கிடைக்கும்.

நகர்பேசிகளில்

2000களின் தொடக்கத்தில் வந்த நகர்பேசிகள் பலவற்றில் பதின்மப் புள்ளி எண்களைக் கணக்கிடும் தனி வன்பொருள் இல்லை. மேற்கண்ட விதிக்கு முழு எண்களே போதும். 2, 32 ஆகியவற்றால் வகுப்பதை, இரும இலக்கங்களை வலப்புறம் நகர்த்தியே செய்யலாம். 176 × 208 படவணுத் திரைக்கு 36,608 கட்டங்கள் உண்டு. கட்டத்துக்கு 2 பைட்டு வீதம் இரு அணிகளுக்கும் 1,46,432 பைட்டுகள் தேவை. நீள அகலங்களைப் பாதியாக்கினால் நினைவகமும் கணக்கீடும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 2007இல் வெளியான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 தரத்துக்குப் பின், இக்கணக்கீட்டை வரைகலைச் செயலியிடமே ஒப்படைக்க முடிந்தது.

இயற்கை அலைகளுடன் ஒப்பீடு

இம்முறையில் எல்லா அலைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும். இயற்கையில் இது ஆழமற்ற நீரில் செல்லும் நீண்ட அலைகளுக்கே பொருந்தும். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். அந்த ஆழத்தில் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலை, வினாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகத்தில் செல்லும். அதே இடத்தில் மீன் துள்ளுவதால் எழும் 1.7 செ.மீ நீளச் சிற்றலையின் வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 23 செ.மீ மட்டுமே. திரை அலை இவ்வேறுபாட்டைக் காட்டாது.

ஆகவே இவ்விளைவு கண்ணுக்கு விருந்தாகுமே தவிர, கடல்நிலையை அறிய உதவாது. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரம் வழியே வங்கக் கடலுக்குச் செல்லலாமா என முடிவுசெய்ய, காற்றையும் கடலின் ஆழத்தையும் கணக்கில் கொண்ட அலை முன்னறிவிப்பு வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவைகள் மையம் அத்தகைய முன்னறிவிப்புகளை வெளியிடுகின்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட் நகர்பேசிச் செயலி அவற்றைத் தமிழிலும் மீனவர்களுக்குத் தருகின்றது.