எலியிலிருந்து மனிதருக்கு வர 28 ஆண்டுகள்

“எலிகளுக்கு நீரிழிவு குணமானது” என்று ஒரு செய்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். “மருந்து எப்போது கடைக்கு வரும்?” என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிப்பவள் நான் என்பதால், எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

அதற்கு ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் ஒரு சிறு குப்பி இருக்கிறது. அதன் பெயர் 145-2சி11. சுண்டெலிகளின் நோய் எதிர்ப்பு ஆற்றலை ஆராய்பவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அது.

ஹேம்ஸ்டர் எதற்கு?

கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்க நம் உடல் சுரக்கும் புரதமே எதிர்ப்பொருள். ஆங்கில வழக்கில் ஆன்டிபாடி. உடல் பல வகை எதிர்ப்பொருள்களைக் கலந்து சுரக்கும். ஆய்வுக்கோ ஒரே இலக்கைப் பிடிக்கும் ஒரே வகைதான் வேண்டும். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் அதற்கு வழி கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவைப் புற்று அணு ஒன்றோடு இணைத்தனர். இணைந்த அணு ஓயாமல் பெருகி, ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருந்தது. 1984-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

145-2சி11 பிடிக்கும் இலக்கு சிடி3. இது டி அணுக்கள் எனப்படும் வெள்ளை இரத்த அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதம். அந்த அணுக்களின் ‘சுவிட்ச்’ என்று சொல்லலாம். சுண்டெலி தன் சொந்தப் புரதத்தைப் பொதுவாக அந்நியமாகப் பார்க்காது. எனவே அதற்கு எதிரான எதிர்ப்பொருளைச் செய்ய வேறொரு விலங்கு வேண்டும். அமெரிக்காவில் ஜெஃப்ரி புளூஸ்டோனும் சக ஆய்வாளர்களும் ஹேம்ஸ்டரைப் பயன்படுத்தி இதை உருவாக்கி, 1987-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

எழுப்புவதும் அடக்குவதும்

இந்த எதிர்ப்பொருளைப் பூசிய பிளாஸ்டிக் தட்டில் சுண்டெலியின் டி அணுக்களை இட்டு வைத்தால், ஓரிரு நாளில் அவை பருத்துக் கொத்துக் கொத்தாகக் கூடிவிடும். நுண்ணோக்கியில் முதன்முறை பார்த்தபோது, உறங்கிக்கொண்டிருந்த வகுப்பு மணி அடித்ததும் விழித்துக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றியது.

டி அணுக்களை இப்படித் தட்டி எழுப்பும் பொருள், நீரிழிவை எப்படித் தடுக்கும்? முதல் வகை நீரிழிவில் டி அணுக்கள்தானே கணையத்தின் பீட்டா அணுக்களைத் தாக்கி, இன்சுலின் சுரப்பை அழிக்கின்றன?

1994-இல் பாரிஸில் லூசியென் ஷாட்டெனூவும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தனர். தானாகவே நீரிழிவு வரும் ஒரு வகைச் சுண்டெலிகளுக்கு, நோய் தொடங்கியதும் சிறு அளவில் ஐந்து நாள் மட்டும் 145-2சி11 கொடுத்தனர். சில வாரங்களில் பெரும்பாலான சுண்டெலிகளின் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியது. அந்த நிலை நீடிக்கவும் செய்தது. அவற்றின் எதிர்ப்பு ஆற்றல் ஒரேயடியாக முடங்கிவிடவும் இல்லை. வேறு வகை எலியின் தோலை ஒட்டியபோது அவை அதை நிராகரித்தன. தாக்கும் அணுக்கள் தளர்ந்து, தாக்குதலைக் கட்டுப்படுத்தும் அணுக்கள் ஓங்கியதே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

மனிதருக்கு வேறு எதிர்ப்பொருள்

குடும்பக் குழுவுக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் 145-2சி11-ஐ நோயாளிக்கு ஊசியாகப் போட்டுப் பயனில்லை. அது சுண்டெலியின் சிடி3-ஐத்தான் பிடிக்கும். மனிதருடைய சிடி3 வடிவத்தில் வேறுபட்டது.

மனித சிடி3-ஐப் பிடிக்க ஓகேடி3 என்ற எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தது. அதை உருவாக்க உதவியது சுண்டெலி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க, 1986-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. மருந்தாக அனுமதி பெற்ற முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அதுதான். ஆனால் டி அணுக்களை அது ஒரேயடியாகக் கிளப்பிவிட்டதால் கடும் காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. உயிர் காக்கும் சிகிச்சையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நீரிழிவு வராமல் காக்க ஒரு குழந்தைக்குக் கொடுக்க முடியாது.

எனவே ஆய்வாளர்கள் ஓகேடி3-ஐ மனிதப் புரதத்துக்கு நெருக்கமாக மாற்றி, அதன் வால் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்களையும் மாற்றினர். கிளப்பிவிடும் வேகம் குறைந்தது. அதுவே டெப்லிசுமாப். இந்த முயற்சியிலும் புளூஸ்டோனுக்குப் பங்கு உண்டு.

2002-இல் 24 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வு தன் முக்கிய இலக்கை எட்டவில்லை. பலர் இதைக் கைவிட்ட கதையாகவே கருதினர். ஆனால் கெவன் ஹெரால்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் வேறொரு கேள்வி கேட்டனர்: நோய் வெளிப்படும் முன்பே கொடுத்தால் என்ன? முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் உறவினரில் அதிக அபாயத்தில் இருந்த 76 பேர் அந்த ஆய்வில் பங்கேற்றனர். 14 நாள் சிகிச்சை, நோய் வெளிப்படுவதை ஏறக்குறைய ஈராண்டு தள்ளிப்போட்டதாக 2019-இல் முடிவு வெளியானது. 2022 நவம்பரில் அமெரிக்கா இந்த மருந்துக்கு அனுமதி அளித்தது. பாரிஸ் சுண்டெலிகளிலிருந்து கணக்கிட்டால் 28 ஆண்டுகள். சுண்டெலிகள் நோயிலிருந்து மீண்டன. மனிதருக்குக் கிடைத்தது தாமதம் மட்டுமே.

யாருக்குப் பயன்?

நம் வீடுகளில் ‘சர்க்கரை’ என்றால் பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு. அதற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இல்லை.

எனக்கு இது வெறும் பாடமாக இல்லாமல் போனதற்குக் காரணம் என் சித்தி மகன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. ஓய்வு நேரத்துக்கு முன் விரலைக் குத்தி இரத்தம் பார்த்து, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட பிறகே அவன் சாப்பிடப் போகிறான். “இனிப்பு கொடுத்தே கெடுத்துட்டீங்க” என்று உறவினர் சிலர் சித்தியிடம் சொன்னார்கள். அது உண்மையன்று, முதல் வகை நீரிழிவு இனிப்பால் வருவதில்லை.

“அந்த மருந்து தம்பிக்குக் கிடைக்குமாம்மா?” என்று சித்தி என்னிடம் கேட்டார். அமெரிக்கா அந்த அனுமதியை வழங்கியது நோய் இன்னும் வெளிப்படாதவர்களுக்காக. அவனுக்கு நோய் வந்துவிட்டது. இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ பாப்பாவுக்கு?” என்றார்.

பாப்பா அவனுடைய தங்கை, வயது எட்டு. முதல் வகை நீரிழிவு உள்ளவரின் உடன்பிறந்தவருக்கு மற்றவர்களைவிட அபாயம் கூடுதல். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. வரப்போகிறதா என்பதற்கு இரத்தத்தில் முன்னறிகுறி உண்டு. பீட்டா அணுக்களுக்கு எதிராக உடலே சுரக்கும் எதிர்ப்பொருள்களை, நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டறிய முடியும்.

பரிசோதனை செய்துகொள்ளலாமா, முடிவு தெரிந்தால் குடும்பம் அதை எப்படித் தாங்கும் என்பதையெல்லாம் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கேட்பதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். என்னையும் உடன் வரச் சொன்னார், போகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊசி இல்லாத இரண்டு ஆண்டுகள் என்பது பத்து வயது வரை கவலையில்லாமல் ஓடியாடுவது. ஆய்வாளர்கள் 28 ஆண்டுகள் உழைத்தது அந்த இரண்டு ஆண்டுகளுக்காகத்தான்.