கை லாகவமும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலத்தில் 'டெஃப்ட்லி' என்றொரு வினையடை உண்டு. இதற்குத் 'திறமையாக' என்று பொருள் கூறி அப்பாற் செல்வது எளிது. ஆனால் திறமை என்பது பரந்த சொல். அணை கட்டுவதும் திறமை. கணக்குச் சரிபார்ப்பதும் திறமை. 'டெஃப்ட்லி' குறிப்பதோ, விரைவும் நுட்பமும் கூடி, பாடுபட்ட சுவடே தெரியாமல் நிகழும் செயலை. பூக்காரி மல்லிகை தொடுப்பதை நினைத்துப் பாருங்கள். பேச்சு வாங்க வந்தவரோடு, பார்வை தெருவில், விரல்கள் மட்டும் நாரில் தம் வேலையைச் செய்கின்றன. இச்சொல்லின் பொருள் அதுவே.

சொல்லின் பிறப்பும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'சாந்தமான' என்று பொருள்பட்ட ஒரு சொல்லிலிருந்து இரு கிளைகள் தோன்றின. ஒன்று 'டெஃப்ட்' ஆகிக் கைத்திறனைக் குறித்தது. மற்றது 'டாஃப்ட்' ஆகி அசட்டுத்தனத்தைக் குறித்தது. ஒத்த பொருளுடைய 'டெக்ஸ்டரஸ்லி', வலப்பக்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. வலப்புறத்தைச் சுட்டும் வடமொழித் 'தட்சிணம்' அதற்கு இனமானதே. தமிழிலும் 'வலம்' என்பது வலப்பக்கத்தோடு வலிமையையும் வெற்றியையும் உணர்த்துகிறது. இடக்கைப் பழக்கமுள்ளோர் இதற்காக வருந்த வேண்டுவதில்லை. கைத்திறன் பயிற்சியால் வருவது.

மொழிபெயர்ப்பில் இச்சொல் நம்மையும் ஒருமுறை இடறச் செய்தது. சிக்கலான தகராறொன்றை ஓர் அலுவலர் தீர்த்துவைத்ததைப் பாராட்டும் குறிப்பில், 'தந்திரமாக' என்று எழுதிவிட்டோம். அச்சேறுமுன் மூத்த நண்பரொருவர் படித்துப் பார்த்து, "பாராட்டைப் பழியாக்கிவிட்டீரே!" என்றார். ஒரு சொல்லின் பிழையால் நேர்மையான ஒருவர் சூழ்ச்சிக்காரராகத் தோன்றவிருந்தார்.

ஆகவே செயலை நோக்கியே சொல்லைத் தேர்தல் வேண்டும். கைவேலையாயின் 'லாகவமாக' என்பது பொருந்தும்: தையற்காரர் ஊசியில் நூலை லாகவமாகக் கோத்தார். பேச்சும் பழக்கமுமாயின் 'நயமாக', 'சாதுரியமாக' என்பன ஏற்றவை: தலைவர் சச்சரவை நயமாகத் தீர்த்தார். செய்து முடித்த பொருளின் ஒழுங்கைப் பாராட்டும்போது 'நேர்த்தியாக' எனலாம்.

வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் ஆங்கிலச் சொல்லைப் பள்ளியிற் கற்றுவிடுவர். நிகரான தமிழ்ச் சொல் அவர்களுக்கு வீட்டில்தான் கிடைக்க வேண்டும். தோசையைக் கிழியாமல் திருப்பும் தாயின் கையைக் காட்டி, 'இதுதான் லாகவம்' என்று சொல்லிக் கொடுப்போமாக. அகராதி பின்னர் வரட்டும்.