கணக்கிலும் வேண்டும் வாய்மை



நீலகிரியின் மேற்கு எல்லையில், கேரளத்து நிலம்பூருக்கு மலைச்சாலை இறங்கும் முகப்பில் அமைந்துள்ளது எங்கள் நாடுகாணி. இங்குள்ள தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பலர் கல்லூரிக்குச் செல்கின்றனர். பலருடைய வீட்டில் பட்டம் காணும் முதல் தலைமுறை அவர்களே. கணிதம் பயில்வோருள் பலர் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு எழுதித் தேர்வாளர் முன் விளக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் சோதனை வருகிறது. பழைய ஆய்வேடு ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி அட்டை கட்டித் தருவோர் உண்டு. ‘வேலை முடிந்தால் போதும்’ என்று பெற்றோரும் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவரின் மகள் பங்கு இல்லத்திற்கு வந்தாள். “எதைப் பற்றி எழுதுவதென்றே தெரியவில்லை, சாமி” என்றாள். “உன் வீட்டு வாசலில் பெய்வதைப் பற்றி எழுது” என்றேன். அருகிலுள்ள தேவாலா, தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றன்றோ! தோட்ட அலுவலகங்களில் மழையளவையும் கொழுந்தின் எடையையும் நாள்தோறும் குறித்து வைப்பது வழக்கம். அவள் அனுமதி பெற்று, ஐந்தாண்டுக் கணக்கைக் கைப்படப் படியெடுத்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: மழை கூடினால் கொழுந்தும் கூடுமா?

மாதத்திற்கு ஒன்றாக அறுபது புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்தாள். மீச்சிறு வர்க்க முறையைக் கொண்டு அவற்றினூடே ஒரு நேர்கோடு வரைந்தாள். ஆனால், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதப் புள்ளிகள் கோட்டைவிட்டு வெகுதூரம் விலகி நின்றன. ஒட்டுறவுக் கெழுவோ பூச்சியத்தை நெருங்கியது. கண் கலங்க வந்து நின்றாள். “அந்த மாதங்களை விட்டுவிட்டால் கோடு அழகாகப் பொருந்துகிறது, சாமி. யாருக்குத் தெரியப்போகிறது?”

“உனக்குத் தெரியுமே, மகளே! போய் உன் தாயைக் கேள்” என்று அனுப்பினேன்.

“நாள் முழுவதும் மூட்டமாக இருந்தால் செடி எப்படித் துளிர்க்கும்? மழைக்குப் பின் வெயிலும் வேண்டாமா?” என்றாராம் அந்தத் தாய். மகள் விட்டுவிட எண்ணிய புள்ளிகளுக்கு விளக்கம் அதுவே. மழை ஓரளவு வரை கொழுந்தை வளர்க்கும்; மிகுந்து வெயில் குறைந்தால் வளர்ச்சி தளரும். ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டு உறவை மட்டுமே அளப்பது. அது பூச்சியமானால் உறவே இல்லை என்பது பொருளன்று. உறவு வளைகோடாகவும் இருக்கலாம். அவள் தன் முதல் முயற்சி தோற்றதை மறைக்காமல் எழுதினாள். பின்னர் பரவளையம் ஒன்றைப் பொருத்திக் காட்டினாள். வாய்மொழித் தேர்வில் அம்மூன்று மாதங்களைப் பற்றியே மிகுதியாகக் கேட்டார்களாம். தானே செய்ததாதலால் அவள் தடுமாறவில்லை.

தேர்வுக்கு அப்பாலும் கணிதம் உண்டு என்பதை நம் தமிழகத்தில் கற்பித்தவர் அருட்தந்தை சார்ல் ரசீன். பிரான்சு நாட்டில் 1897-இல் பிறந்த சேசு சபைக் குருவாகிய அவர், 1937-இல் இந்தியா வந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், பின்னர் சென்னை இலயோலாவிலும் கணிதம் போதித்தார். பாடத்திட்டத்தின் எல்லையில் நின்றுவிடாமல், ஐரோப்பாவில் அப்போது வளர்ந்துவந்த புதிய கணிதத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். அவரிடம் பயின்ற சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தனர். 1965-இல் அவ்விருவரும் வெளியிட்ட தேற்றம் இன்றளவும் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. தந்தை ரசீன் 1976-இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, கேள்வியைச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்திற்குள் விடை காணக்கூடியதாக இருக்கட்டும். எண்கள் எங்கிருந்து வந்தன, எந்த அலகில் அளக்கப்பட்டன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கணிப்பொறி தரும் விடையைச் சிறு எடுத்துக்காட்டு ஒன்றில் கையால் செய்து சரிபாருங்கள். நூலிலிருந்து எடுத்ததை எடுத்ததென்றே சொல்லுங்கள். பொருந்தாத புள்ளியை அழிக்காதீர்கள். அது ஏன் பொருந்தவில்லை என்று கேளுங்கள். முடிவில், உங்கள் விடை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் குறிப்பிடுங்கள்.

பெற்றோரே, உங்களுக்குக் கணிதம் தெரியாதிருக்கலாம். ஆயினும் ‘இதில் நீ என்ன கண்டாய்?’ என்று ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால், அந்த ஆய்வேடு பிள்ளையுடையது. சொல்ல முடியாவிட்டால், தேர்வாளருக்கு முன்பே நீங்கள் அதைக் கண்டுகொள்வீர்கள். திருத்திக்கொள்ளவும் காலம் இருக்கும்.